திருவள்ளூர் லான்சரும் அதன் உரிமையாளர்களும்

மிட்சுபிஷி கார் வைத்திருந்தவர்களிடம் அந்த வண்டியைப் பற்றிக் கேட்டால், எல்லோரும் ஒரே நிறுவனத்தின் காரைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகம் எழும் அளவுக்குப் பதில்கள் வேறுபடும். சாலையைப் பிடித்துக்கொண்டு ஓடும் அந்த ஓட்டம் இன்றைய கார்கள் எதிலும் இல்லை என்பார் ஒருவர். ஒரு ஹெட்லைட்டுக்காக வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்த கதையைச் சொல்லி, அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பார் இன்னொருவர். எங்கள் வீட்டில் மிட்சுபிஷியின் டீசல் லான்சர் நெடுங்காலமாக இருக்கிறது. என் தந்தை வாங்கிய வண்டி. இப்போது நான் ஓட்டுகிறேன். அதனால், பழைய ஜப்பானியக் கார் வாங்க நினைக்கும் உறவினர்களும் நண்பர்களும் வண்டியைப் பார்க்கப் போகும்போது என்னையும் உடன் அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. அப்படிப் பல உரிமையாளர்களிடம் பேசிய பிறகு, பாராட்டுகிறவரும் குறை சொல்கிறவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். முன்னவர் பேசுவது இயந்திரத்தைப் பற்றி. பின்னவர் பேசுவது அந்த இயந்திரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டிய நிறுவனத்தையும் சர்வீஸ் மையத்தையும் உதிரி பாகக் கடையையும் பற்றி. மிட்சுபிஷியின் கதையில் இந்த இரண்டும் எப்படி விலகிப் போயின என்பது தெரிந்தால், பழைய கார் வாங்கப் போகும் எவருக்கும் அது உதவும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மிட்சுபிஷி குழுமத்தின் தொடக்கம் கப்பல் தொழில். 1870இல் இவாசாகி யடாரோ தொடங்கிய கப்பல் நிறுவனம் பின்னர் சுரங்கம், வங்கி, கப்பல் கட்டுதல் என்று விரிந்தது. கோபே நகரிலிருந்த அதன் கப்பல் கட்டும் தளத்தில்தான், இத்தாலியின் ஃபியட் கார் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு, 1917இல் 'மாடல் ஏ' என்ற கார் உருவானது. ஜப்பானில் ஒரே வடிவத்தில் வரிசையாகத் தயாரிக்கப்பட்ட முதல் கார் என்று அதைச் சொல்வார்கள். ஆனால் பெரும்பகுதி கைவேலையாக இருந்ததால், 1921இல் நிறுத்தப்படும் வரை மொத்தம் 22 வண்டிகளே வெளிவந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நேச நாடுகளின் நிர்வாகம் ஜப்பானின் பெருங்குழுமங்களைக் கலைத்தபோது மிட்சுபிஷியும் பல துண்டுகளானது. அந்தத் துண்டுகள் 1946இல் மூன்று சக்கரச் சரக்கு வண்டியையும் 'சில்வர் பிஜன்' என்ற ஸ்கூட்டரையும் செய்து பிழைத்து, 1960இல் 'மிட்சுபிஷி 500' என்ற சிறு காருக்கு வந்து சேர்ந்தன. 1970இல்தான் கார் பிரிவு மிட்சுபிஷி மோட்டார்ஸ் என்ற தனி நிறுவனமாயிற்று.

இந்தப் பின்னணியை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், கனரக இயந்திரம் செய்தவர்களின் கைப்பழக்கம் இவர்களுடைய எஞ்சின்களில் தெரிகிறது என்பதுதான். நான்கு சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு ஒரு முறை சுற்றுவதற்குள் இரண்டு முறை எழும் ஓர் அதிர்வு உண்டு. எஞ்சின் பெரிதாகப் பெரிதாக அந்த அதிர்வும் கூடும். கிராங்கின் வேகத்தைப் போல இரு மடங்கு வேகத்தில், எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு எடைத் தண்டுகளை வைத்தால் அதை அடக்கலாம் என்ற கருத்து வெகு காலம் முன்பே இங்கிலாந்தில் தோன்றியிருந்தது. அதை அன்றாடக் கார்களுக்கு உகந்த முறையில் வடிவமைத்து, 1970களின் நடுவில் 'சைலண்ட் ஷாஃப்ட்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது மிட்சுபிஷி. போர்ஷே நிறுவனமே தன்னுடைய 944 காருக்காக இதற்கான உரிமத்தைப் பெற்றது. இந்தத் தண்டுகளைப் பற்றிப் பின்னால் மீண்டும் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் பழைய மிட்சுபிஷி வாங்குபவர் பலரும் கோட்டை விடும் இடம் அதுவே.

பந்தயங்கள் இந்த நிறுவனத்துக்குத் தேடித் தந்த பெயர் பெரியது. கென்யாவில் பிறந்த சீக்கியரான ஜோகிந்தர் சிங் 1974இலும் 1976இலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலியை லான்சரில் வென்றார். செம்மண்ணும் சேறும் கல்லும் நிறைந்த, உலகிலேயே கடுமையானவற்றுள் ஒன்றாகக் கருதப்பட்ட பந்தயம் அது. மிட்சுபிஷியின் பஜேரோ 1985இல் முதன்முறையாக, பாலைவன நெடும்பந்தயமான டக்கார் ராலியை வென்றது. அதிலிருந்து மொத்தம் 12 வெற்றிகள், அவற்றில் 2001 முதல் 2007 வரை தொடர்ந்து 7. அந்த 2001ஆம் ஆண்டு வெற்றியைப் பெற்றுத் தந்தவர் யூட்டா கிளைன்ஷ்மிட். டக்காரின் கார் பிரிவை வென்ற முதல் பெண். பின்லாந்தின் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலக ராலி சாம்பியனானது லான்சரின் வேக வடிவமான லான்சர் எவல்யூஷனில்தான்.

அந்த எவல்யூஷன் கார்களில் நான்கு, ஐந்து, ஆறு ஆகியவை எந்தத் தலைமுறை லான்சரின் மேல் கட்டப்பட்டனவோ, அதே தலைமுறைதான் இந்தியாவில், திருவள்ளூர் தொழிற்சாலையில் தயாரானது. கூடு ஒன்று, உள்ளே இருந்தவை வேறு. எவல்யூஷனில் டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் 280 குதிரைசக்தியும் இருந்தன. நம்முடைய டீசல் லான்சரின் 2 லிட்டர் எஞ்சின் தந்தது 68 குதிரைசக்தி. இந்த வேறுபாட்டை உணராமல் வாங்கியவர்கள் "பிக்கப் இல்லை" என்று மனம் நொந்தார்கள். உணர்ந்து வாங்கியவர்கள் அந்த டீசல் எஞ்சினின் நிதானத்தையும், நெடுஞ்சாலையில் அது காட்டும் நம்பகத்தையும் கொண்டாடினார்கள். எங்கள் வண்டியில் நான் அனுபவிப்பது இந்த இரண்டாவது வகை மகிழ்ச்சி. திருச்சியிலிருந்து மதுரை செல்லும் நான்கு வழிச் சாலையில் ஐந்தாம் கியரில் மிதமான வேகத்தில் விட்டால், ஸ்டியரிங்கில் விரல்களை வைத்திருந்தாலே போதும். சாலையின் மேடு பள்ளமும் சரளையும் எந்தச் சக்கரத்துக்குக் கீழே இருக்கின்றன என்பதைக் கை உணரும். மின்சார ஸ்டியரிங் உள்ள இன்றைய கார்களில் இந்த உணர்வு பெரும்பாலும் கிடைப்பதில்லை. வளைவில் திரும்பும்போது வண்டி சாயும் அளவும் குறைவு. தாழ்வான கூடு என்பதே அதற்குக் காரணம். அந்தத் தாழ்வுதான் வேகத்தடைகளில் அடிப்பகுதி உரசுகிறது, முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் பின் இருக்கையிலிருந்து எழச் சிரமப்படுகிறார்கள் என்று உரிமையாளர்கள் சொல்லும் குறைகளுக்கும் காரணம். ஒரு குணத்தின் இரு முகங்கள் இவை. பழைய கார் பார்க்கப் போகும்போது வீட்டில் வயதில் மூத்தவரையும் கூட்டிச் சென்று, பின் கதவைத் திறந்து ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். எஞ்சினைக் கேட்டுப் பார்ப்பதற்கு முன் அதைச் செய்வது நல்லது.

எவல்யூஷன் மோகம் இன்னொரு சிக்கலையும் விட்டுச் சென்றிருக்கிறது. பெரிய பம்பர், பின்னால் இறக்கை, தாழ்த்திய சஸ்பென்ஷன், அகலமான அலாய் வீல் என்று உருமாற்றப்பட்ட லான்சர்களும், அதற்கு அடுத்த தலைமுறையான சீடியாக்களும் விற்பனைக்கு நிறைய வருகின்றன. சீடியா பல ஆண்டுகள் இந்திய ராலிகளில் ஓடிய கார் என்பதால் இளைஞர்களுக்கு அதன்மேல் தனி ஈர்ப்பு உண்டு. அந்த ஈர்ப்பு நியாயமானதே, ஏனெனில் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் நன்றாக அமைந்த பின் சஸ்பென்ஷனும் கொண்ட அது, ஓட்டுவதில் விருப்பம் உள்ளவருக்கு ஏற்ற வண்டி. ஆனால் உருமாற்றிய வண்டியில் முன்பிருந்த உதிரி பாகங்கள் எங்கே போயின என்று கேட்க வேண்டும். ஒரிஜினல் பம்பரும் ஸ்பிரிங்கும் விற்பவரிடம் பத்திரமாக இருந்தால் பேச்சைத் தொடரலாம். இல்லையென்றால், கிடைக்காத பொருட்களை ஏற்கெனவே இழந்துவிட்ட வண்டியை நீங்கள் விலை பேசுகிறீர்கள்.

உதிரி பாகம் ஏன் இப்படி அரிதாயிற்று என்பதற்கு விடை 1998ஆம் ஆண்டில் இருக்கிறது. மிட்சுபிஷி இங்கே தானே நேரடியாகத் தொழிற்சாலை கட்டவில்லை. அம்பாசிடர் கார் செய்துகொண்டிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷியின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு, திருவள்ளூர் அருகே அமைத்த தொழிற்சாலையில் லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. அதே 1998இல், அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தன் சொந்தத் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோவை வெளியிட்டது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஹூண்டாயின் முதல் சொந்தக் காரான 'போனி' 1975இல் வந்தபோது அதன் எஞ்சினும் கியர்பாக்ஸும் மிட்சுபிஷியின் தொழில்நுட்பம். கற்றுக்கொடுத்த நிறுவனமும் கற்றுக்கொண்ட நிறுவனமும் ஒரே ஆண்டில் சென்னையைச் சுற்றி இறங்கின. ஹூண்டாய் ஊர் ஊராக சர்வீஸ் மையங்களைத் திறந்தது, உதிரி பாகம் செய்பவர்களைத் தன் தொழிற்சாலையைச் சுற்றியே குடியமர்த்தியது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வண்டியைக் கொண்டுவந்தது. லான்சருக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. ஜப்பானில் 2000ஆம் ஆண்டிலேயே சீடியா வந்துவிட்ட பிறகும் இங்கே பழைய லான்சரே விற்கப்பட்டது. சீடியா இங்கு வந்தது 2006இல். 2007இல் உலகச் சந்தைக்கு வந்த அடுத்த தலைமுறை லான்சர் திருவள்ளூருக்கு வரவே இல்லை.

மலேசியாவில் நிலைமை நேர்மாறு. அந்நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டான் சாகா 1985இல் வந்தபோது, அது மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டிருந்தது. மிட்சுபிஷிக்குப் புரோட்டானில் பங்கும் இருந்தது. பின்னர் வந்த புரோட்டான் விராவும் லான்சரின் வழிவந்ததே. அரசின் ஆதரவோடு லட்சக்கணக்கில் விற்ற அந்தக் கார்களை அங்குள்ள நம் மக்களும் தலைமுறையாக ஓட்டியிருக்கிறார்கள். தோட்டப்புறத்துச் சிறு பட்டறையில்கூட அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் இருப்பார். விராவில் இருந்த 1.5 லிட்டர் 4ஜி15 பெட்ரோல் எஞ்சின் இங்குள்ள பெட்ரோல் லான்சரில் இருந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது. எனக்குத் தெரிந்த பெட்ரோல் லான்சர் உரிமையாளர் ஒருவர், கிள்ளானில் இருக்கும் தன் மைத்துனர் ஊருக்கு வரும்போதெல்லாம் சில எஞ்சின் உதிரிகளை வாங்கிவரச் சொல்வார். ஆனால் குடும்பம் ஒன்று என்பதால் எல்லாம் பொருந்திவிடும் என்று எண்ணக்கூடாது. பழைய பாகத்தின் மேல் பொறித்திருக்கும் எண்ணையும் புதியதன் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

இந்தப் பாக எண் என்பதுதான், நாட்டில் விற்பனை நின்றுபோன எந்தக் காரை வைத்திருப்பவருக்கும் முதல் ஆயுதம். எங்கள் வண்டியிலிருந்து கழற்றப்படும் ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, எண் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்து, எந்த மாதத்தில் எத்தனை கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் பழக்கத்தை என் தந்தை தொடங்கினார், நான் தொடர்கிறேன். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் "லான்சருக்கு ஆயில் ஃபில்டர்" என்று கேட்டால் கையை விரிப்பார்கள். எண்ணைச் சொன்னால், அதே எண்ணுக்கு இணையான வேறொரு தரமான நிறுவனத்தின் பொருளை எடுத்து வைப்பார்கள். தேய்மானப் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி மாற்று உண்டு. கிடைக்காதவை கண்ணாடி, விளக்கு, கதவுப் பட்டை, உள்ளலங்காரப் பிளாஸ்டிக் போன்றவை. அவற்றுக்குப் புதுப்பேட்டையில் உடைத்து விற்கும் வண்டிகள்தான் கதி. வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க விரும்புகிறவர், பாகம் உடையும் வரை காத்திராமல், புதுப்பேட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் நல்ல ஹெட்லைட், பக்கக் கண்ணாடி, பின் விளக்கு ஆகியவற்றை வாங்கிப் பரணில் போட்டு வைப்பது கெட்டிக்காரத்தனம். விலையும் அப்போது குறைவாகப் படியும், ஏனெனில் அவசரம் உங்கள் முகத்தில் தெரியாது.

இனி அதிர்வை அடக்கும் அந்த சைலண்ட் ஷாஃப்ட் தண்டுகளுக்கு வருகிறேன். என் சித்தப்பா மகன் பழைய பஜேரோ ஸ்போர்ட் ஒன்றை வாங்கினான். அதன் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின், 4டி56 என்ற நெடுநாள் குடும்பத்தின் கடைசி வடிவங்களுள் ஒன்று. சைலண்ட் ஷாஃப்ட் தண்டுகள் அதில் உண்டு. கிராங்கின் சுழற்சியோடு வால்வுகளை இணைத்து இயக்கும் டைமிங் பெல்ட் அண்மையில்தான் மாற்றப்பட்டது என்று முந்தைய உரிமையாளர் ரசீதோடு காட்டியிருந்தார். நான் வற்புறுத்தியதால், அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை நிறுத்தி, பெல்ட் மூடியைக் கழற்றச் சொன்னோம். வெளியே தெரிந்த அகலமான பெல்ட் புதியதுதான். அதன் மேல் அச்சிட்ட எழுத்துகள்கூட அழியவில்லை. அவர் டார்ச்சை அதற்குப் பின்னால் சாய்த்துப் பிடித்தார். உள்ளே, சமநிலைத் தண்டுக்கென்று இருக்கும் குறுகலான இன்னொரு பெல்ட், பற்களின் அடியில் மெல்லிய வெடிப்புகளோடு, பளபளத்துத் தேய்ந்து கிடந்தது. "பெரிய பெல்ட்ட மாத்திட்டு சின்னத விட்டுட்டா, வேலையே செய்யாத மாதிரிதான் தம்பி" என்றார். அந்தச் சின்ன பெல்ட் அறுந்தால் வண்டி ஓடத்தான் செய்யும், கொஞ்சம் அதிரும், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அறுந்த துண்டு பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் அதையும் இழுத்துவிடும். அப்போது வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினின் மேல் பாகமே போய்விடும். முந்தைய வேலையைச் செய்த பட்டறை சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தப் பார்த்ததன் விலை அதுவாக இருந்திருக்கும்.

ஆகவே பெல்ட் உள்ள எந்த மிட்சுபிஷி எஞ்சினாக இருந்தாலும், இரண்டு பெல்ட்டா ஒன்றா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டென்றால் இரண்டையும், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளைகளையும், கூடவே தண்ணீர் பம்பையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட வேண்டும். பிரித்து மாட்டும் கூலி ஒன்றுதான். பழைய பஜேரோ எஸ்எஃப்எக்ஸில் இருந்த 2.8 லிட்டர் எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் இந்தக் கவலை இல்லை. கரடுமுரடான வேலைக்கு அந்த வண்டியை இன்றும் விரும்புகிறவர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. போலிப் பொருள் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். எங்கள் லான்சருக்கு வாங்கிய ஒரு டீசல் ஃபில்டரின் பெட்டி அசலைப் போலவே இருந்தது; உள்ளே இருந்த காகித மடிப்புகள் பழையதில் இருந்தவற்றில் பாதிகூட இல்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய் அருகில் வைத்துப் பார்ப்பது இதற்குத்தான்.

நிறுவனத்தைப் பற்றிய கருத்துகள் ஜப்பானிலேயே பிளவுபட்டதற்கு இன்னும் கசப்பான காரணம் உண்டு. வாடிக்கையாளர்கள் தெரிவித்த பழுதுகளை அரசுக்கு முறையாக அறிவித்துத் திரும்பப் பெறாமல், 1977 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மறைத்து வந்ததாக 2000ஆம் ஆண்டில் மிட்சுபிஷி மோட்டார்ஸ் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. புகார்களுக்கு இரண்டு கோப்புகள்: ஒன்று அதிகாரிகளுக்குக் காட்ட, மற்றொன்று உள்ளுக்குள் வைத்துக்கொள்ள. தலைவர் பதவி விலகினார். அத்தோடு முடியவில்லை. 2002 ஜனவரியில் யோகோஹாமாவில் மிட்சுபிஷி லாரி ஒன்றின் சக்கரம் கழன்று உருண்டு, குழந்தைகளோடு நடந்து சென்ற இளம் தாய் ஒருவர் மேல் மோதி அவர் உயிரிழந்தார். பராமரிப்புக் குறைவே காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது; சக்கரத்தைத் தாங்கும் ஹப் பாகத்தின் குறைபாடு நிறுவனத்துக்குத் தெரிந்தே மறைக்கப்பட்டது 2004இல் வெளிவந்து, முன்னாள் உயர் அதிகாரிகள் கைதானார்கள். பெரும் பங்கு வைத்திருந்த ஜெர்மன் கார் நிறுவனமான டைம்லர் கிரைஸ்லர் மேலும் பணம் போட மறுத்துவிட்டது. மிட்சுபிஷி குழுமத்தின் மற்ற நிறுவனங்கள் கைகொடுத்ததால்தான் கார் நிறுவனம் பிழைத்தது. 2016இல் மறுபடியும், சிறு கார்களின் எரிபொருள் சிக்கன அளவுகளை உயர்த்திக் காட்டியது அம்பலமானது, 6.25 லட்சம் வண்டிகள், அவற்றில் 4.68 லட்சம் நிசானின் பெயரில் விற்கப்பட்டவை. அளவுகள் ஒத்துவரவில்லை என்பதைக் கண்டுபிடித்ததே நிசான்தான். அதே ஆண்டில் நிசான் 23,700 கோடி யென் கொடுத்து 34 சதவீதப் பங்கை வாங்கியது.

இந்தப் பகுதியை வாசித்தபோதெல்லாம் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. காரணம், அந்த வண்டிகளின் பொறியாளர்கள் செய்த நல்ல வேலையை நான் தினமும் கையால் தொட்டு உணர்கிறேன். டக்காரில் பஜேரோ தொடர்ந்து வென்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அலுவலகத்துக்குள் புகார்கள் மறைக்கப்பட்டன. பணமும் நம்பிக்கையும் அப்போது கரைந்து போனதால், புதிய மாடல்களுக்குச் செலவிடவும் வெளிநாட்டுச் சந்தைகளைக் கவனிக்கவும் நிறுவனத்துக்கு வலு இல்லாமல் போயிற்று. திருவள்ளூரில் பழைய லான்சரே ஓடிக்கொண்டிருந்ததை நான் இந்தப் பின்புலத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். இதிலிருந்து நான் என் பழக்கமாக்கிக்கொண்டது எளிய ஒன்று: வாங்கும் எந்தக் காரானாலும், அதன் சேஸிஸ் எண்ணைக் கொண்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதேனும் உண்டா, அந்த வேலை செய்யப்பட்டதா என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. ஓர் உரிமையாளர் தன் வண்டியின் குறையைச் சொல்லும்போது, அது தனிப்பட்ட எரிச்சலா அல்லது அந்த மாடலில் பலருக்கும் வரும் பழுதா என்பதையும் கேட்டுப் பிரிக்கிறேன். ஒரே இடத்தில், ஒரே கிலோமீட்டர் அளவில், தொடர்பில்லாத இருவருக்கு வந்த பழுது என்றால் அதை எழுதி வைத்துக்கொண்டு, பார்க்கும் வண்டியில் அந்த இடத்தை முதலில் சோதிக்கிறேன்.

இங்கே 2012இல் வந்த பஜேரோ ஸ்போர்ட் ஓரளவு விற்றது. 2018இல் மிட்சுபிஷியின் அவுட்லேண்டர் என்ற கார் திரும்ப வந்தும் நிலைக்கவில்லை. அம்பாசிடர் 2014இல் நின்றது. திருவள்ளூர் தொழிற்சாலையிலிருந்து இப்போது வெளிவருபவை, 2017இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் உரிமையாளரான பிர்லா குழுமத்தோடு கைகோத்த பிரெஞ்சு நிறுவனத்தின் சிட்ரோயன் கார்கள். இங்கே மிட்சுபிஷி வைத்திருப்பவருக்கு மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் பழைய அதிகாரபூர்வ மையங்களில் வேலை பார்த்துவிட்டு இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்குகள். அப்படி ஒருவர் உங்கள் ஊரிலிருந்து வண்டியைக் கொண்டுபோகக்கூடிய தொலைவில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வண்டி தேடத் தொடங்குங்கள். வண்டியை வாங்கிவிட்டு மெக்கானிக்கைத் தேடினால், உரிமையாளர்கள் சொல்லும் கசப்பான கதைகளில் பாதி உங்களுடையதாகும்.

சென்னைக்கும் கோவைக்கும் டெல்லிப் பதிவு எண்ணோடு பஜேரோ ஸ்போர்ட்கள் மலிவாக வந்திருக்கின்றன. டெல்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாடே அந்த மலிவுக்குக் காரணம். தமிழ்நாட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் இங்கே ஆள் பிடித்தார்கள். விலையை மட்டும் பார்த்து மயங்காமல், அங்கிருந்து தடையில்லாச் சான்று முறையாகப் பெறப்பட்டதா, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி எவ்வளவு, எண் மாற்றும் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்குள்ள அபராதங்களும் நிலுவையில் இருக்கலாம்.

15 ஆண்டு கடந்த வண்டியென்றால், பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதே நடைமுறை. காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது; 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் அது 10,000 ரூபாயாயிற்று. லான்சர்களில் மிகப் பெரும்பாலானவை இப்போது இந்த வயதுக்குள் வந்துவிட்டன. புதுப்பிப்புத் தேதி நெருங்கிய நிலையில் ஒருவர் விற்கிறார் என்றால், அந்தச் செலவையும், புகைச் சோதனையில் தேறுவதற்கு இன்ஜெக்டர் வேலை ஏதேனும் தேவைப்பட்டால் அதையும் விலையில் கழித்துப் பேசுங்கள். விற்பவரையே புதுப்பித்துத் தரச் சொல்லி, புதிய பதிவுச் சான்று கைக்கு வந்த பின் மீதிப் பணத்தைக் கொடுப்பது இன்னும் நல்லது. எங்கள் உறவில் கடைசியாக வாங்கிய லான்சருக்கு அப்படித்தான் செய்தோம், விற்றவரும் மறுக்கவில்லை.